வியாழக்கிழமை நோன்பு

கம்பம்
14.7.2024

அன்புத் தங்கை ஹலிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மச்சானும் சுமையாவும் சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வேண்டாம் என்று சொல்.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேனே என்று நினைப்பாய். போனில் பேசினால் சுமையா காதில் விழுகிறது. வாட்ஸ்அப்பில் வந்தால் அந்தப் பொடி எழுத்தை எனக்கு அவள்தான் படித்துக் காட்டுகிறாள். அதனால் நீயும் கடிதமே போடு. மச்சானின் ஏலக்காய்க் கடை விலாசத்துக்குப் போடு.

சுமையாவுக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. சிகந்தராபாத் பக்கம் போலாரத்தில் வீடு. தாத்தா காலத்தில் திருச்சியிலிருந்து பட்டாளத்தோடு போன குடும்பமாம். பையன் பெயர் ஜுனைத். பேகம்பேட்டில் ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். தரகர் அவனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டால் நீயே மயங்கிவிடுவாய். மிஸ்வாக் குச்சி இல்லாமல் பல் துலக்க மாட்டானாம். திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு வைப்பானாம். தண்ணீரைக்கூட மூன்று மிடறாகத்தான் குடிப்பானாம்.

இவ்வளவு நல்ல பிள்ளை முப்பத்தொரு வயது வரை ஏன் சும்மா இருக்கிறான்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோனது என்று தரகர் வாய் தவறிச் சொன்னார். ஏன் என்று கேட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

நீ ஒரு எட்டுப் போய்ப் பார். வரன் விஷயமாக வந்ததாகவே போ. ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

வஸ்ஸலாம்.
அக்கா மெகர்நிஷா

ராமச்சந்திராபுரம்
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். இவருக்கு முதுகுவலி பரவாயில்லை. ரயான் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னான், அதையும் ஹிந்தியில்தான் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை போலாரம் போனேன். என் சிநேகிதி ஜூடித்தை உங்களுக்கு நினைவிருக்கிறதா? ரயானின் பழைய டீச்சர். போன வருஷம்தான் அதே தெருவுக்குக் குடிவந்திருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டேன். போகும்போதே, "ஹவ் ஹலிமா, நல்ல பிள்ளைதான். ஆனா அந்த வீட்டுல என்னமோ இருக்கு. யாரையும் உள் ரூம் வரைக்கும் விடமாட்டாங்க" என்றாள். ('ஹவ்' என்றால் இந்த ஊரில் 'ஆமாம்'.)

பையனின் அம்மா பெயர் தாஹிரா. கணவர் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. நன்றாகக் கவனித்தார்கள். "எனக்கு ஒரே புள்ள. அவன் கல்யாணத்தப் பாத்துட்டா போதும்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். பையன் வந்து சலாம் சொல்லி, தலை நிமிராமல் உட்கார்ந்தான். முகம் சாந்தமாக இருந்தது. எனக்குப் பிடித்தது என்றே சொல்வேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. நோன்பு பற்றிப் பேச்சு வந்தபோது, திங்கள்கிழமை வீட்டில் நோன்பு திறப்பானாம், வியாழக்கிழமை மட்டும் வெளியில் திறந்துவிட்டு இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருவானாம். "எங்க போவாரு?" என்று ஜூடித் பட்டென்று கேட்டுவிட்டாள். "ஃப்ரெண்ட் வீட்டுக்கு" என்று அம்மா அவசரமாகச் சொன்னார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

கிளம்பும்போது என்னிடம், "பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சரிதானே அக்கா? சுமையா பி.எட். படிப்பைப் பாதியில் விட்டது காய்ச்சலால் என்று நீங்கள் சொன்னது நினைவு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையே?

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கை ஹலிமா

கம்பம்
9.8.2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மச்சான் கொண்டுவந்து கொடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை! நான் நினைத்தேன், அதே மாதிரி இருக்கிறது. திங்கள்கிழமை நோன்பு வீட்டில், வியாழக்கிழமை நோன்பு வெளியிலா? நோன்பாளி வாயில் பேரீச்சம்பழம் வைக்கிற நேரத்தில் அவனுக்காகக் காத்திருப்பது யார்? ஃப்ரெண்டுக்குப் பெயர் இல்லையா? அம்மா ஏன் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்? ஹலிமா, அவனுக்கு எங்கேயோ ஒரு குடும்பம் இருக்கிறது. நின்றுபோன நிச்சயதார்த்தமும் அதனால்தான் நின்றிருக்கும்.

தாடியும் மிஸ்வாக்கும் பார்த்து ஏமாந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. வேலை முடிந்து அவன் எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டு எழுது. மாப்பிள்ளையிடம் சொல்லாதே. ஆண்கள் ஆண்களைக் காப்பாற்றுவார்கள்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. சுமையா குழந்தைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். நீ நன்றாகச் சாப்பிடு.

வஸ்ஸலாம்.
மெகர்நிஷா

ராமச்சந்திராபுரம்
6.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம். பதில் எழுத நாளாகிவிட்டது. மனம் ஒப்பவில்லை, அதுதான் காரணம். சந்தேகத்தை விட்டு விலகுங்கள், சந்தேகம்தான் பேச்சிலேயே பெரிய பொய், ஒருவர் குறையை ஒருவர் துருவாதீர்கள் என்று ரசூலுல்லாஹ் சொன்னதை நானே பெண்கள் மஜ்லிஸில் படித்துக் காட்டியவள். இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கைக்கு, எதுக்கு உனக்கு இந்த வேலை? நேரா அந்தப் பையன்கிட்டயே கேக்குறதுதானே?" என்று சத்தம் போட்டார்.

ஆனாலும் போனேன். அக்கா மகள் வாழ்க்கையாயிற்றே.

நேற்று வியாழக்கிழமை. நானும் ஜூடித்தும் பேகம்பேட்டில் அவன் அலுவலகத்துக்கு எதிரே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தான். கையில் ஒரு டிஃபன் கேரியர், ஒரு பழப் பை. சிகந்தராபாத் பக்கம் ஒரு சந்துக்குள் போனான். போர்டு ஒன்றும் இல்லாத பெரிய கேட். ஒரு பெண் வந்து திறந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்து, பையை உரிமையோடு வாங்கிக்கொண்டாள்.

நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொன்னபோது மாடி பால்கனியில் தெரிந்தான். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், தூணுக்குப் பின்னால் என்பதால் முகம் தெரியவில்லை. தான் வாயில் வைப்பதற்கு முன்னால் அந்த ஆளுக்குத் தன் கையால் ஊட்டினான். "இது ஃப்ரெண்டு இல்ல ஹலிமா" என்றாள் ஜூடித்.

இன்னொன்று. தாஹிரா மாமி இரண்டு தடவை போன் செய்தார்கள். சுமையாவின் உடம்பைப் பற்றித்தான் மறுபடி கேட்டார்கள். நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. நான் அவர்களுக்கு என்ன சொல்ல?

வஸ்ஸலாம்.
ஹலிமா

கம்பம்
12.9.2024

தங்கை ஹலிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்.

ஊட்டிவிடுகிறானா? இதற்கு மேல் என்ன வேண்டும்? வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிடப் போகிறேன். இருந்தாலும் அந்தப் பெண் யார், நிக்காஹ் ஆனவளா என்று மட்டும் தெரிந்துகொண்டு எழுது. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண் ஏமாறக் கூடாது.

துருவக் கூடாது என்று எனக்கு ஹதீஸ் எழுதுகிறாய். எனக்கும் தெரியும். தன்னைப் பெண் கேட்ட இரண்டு பேரைப் பற்றி ஒரு பெண் வந்து ரசூலுல்லாஹ்விடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் தோளிலிருந்து தடியை இறக்க மாட்டார், அடிக்கிறவர், இன்னொருவர் ஏழை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்களா இல்லையா? கல்யாண விஷயத்தில் உள்ளதை மறைப்பதுதான் பாவம்.

அந்த அம்மாவிடம் சுமையாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பட்டம் வாங்கியவள், அழகாக ஓதுவாள், சமைப்பாள் என்று சொல்.

மச்சானுக்குச் சளி. வஸ்ஸலாம்.
மெகர்நிஷா

கம்பம்
3.10.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள், சின்னத்தா, ரயான் எல்லோரும் நலமா? நான் சுமையா. என்னிடமிருந்து கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

அம்மா உங்களுக்கு எழுதும் கவர்களின் மேல் ஆங்கிலத்தில் விலாசம் எழுதித் தருவது நான்தான். ஒரு தடவையும் உள்ளே பார்த்ததில்லை. ஆனால் அத்தாவிடம் கேட்டேன், அத்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் என் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள் என்பதையும்.

சின்னம்மா, எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் முதல் தடவை வந்தது. பி.எட். வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழுந்தேன். அதோடு அம்மா என்னைப் படிக்க அனுப்பவில்லை. இப்போது மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அட்டையைக்கூட அம்மா அரிசி டப்பாவுக்குள்தான் வைக்கிறார்கள். உங்களுக்கே சொல்லவில்லை பாருங்கள். அம்மாவைக் கோபிக்காதீர்கள். எனக்காகப் பயந்து பயந்து அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகிவிட்டது.

வலிப்பு வந்த ஒரு பெண் நபியிடம் வந்து தன் நோயைத் தானே சொன்ன ஹதீஸைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் என்றார்கள். பொறுத்துக்கொள்கிறேன், விழும்போது என் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்றார் அந்தப் பெண். அவர் கூச்சப்பட்டது ஆடைக்குத்தான், நோய்க்கு இல்லை.

நிக்காஹ் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் நபிவழிதானே? போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஒரு தோழரை ரசூலுல்லாஹ்வே அனுப்பினார்கள். நம் வீடுகளில்தான் அந்த சுன்னத்தை மட்டும் விட்டுவிட்டோம். நான் அவரைப் பார்க்க வேண்டும். என் விஷயத்தை நானே சொல்ல வேண்டும். அவர் விஷயத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். வேண்டாம் என்று முடிந்தால் முடியட்டும்.

ஏலக்காய் வியாபாரம் என்று சொல்லி அத்தா என்னைக் கூட்டிவருகிறார்கள். உங்கள் வீட்டில் வைத்துப் பேசலாமா?

துஆ செய்யுங்கள்.
உங்கள் சுமையா

ராமச்சந்திராபுரம்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானும் சுமையாவும் பத்திரமாக வந்துசேர்ந்து, நேற்று ஊருக்குத் திரும்பினார்கள். நல்ல சுகம். ஆனால் நடந்ததை உங்களிடம் நானே சொல்கிறேன் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினேன். அதனால்தான் அவர்கள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜுனைத்தை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னோம். மச்சானும் இவரும் கூடத்தில் இருந்தார்கள். நான் சுமையா பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வைத்தேன், யாரும் தொடவில்லை.

சுமையாதான் முதலில் பேசினாள். குரல் நடுங்கவில்லை அக்கா, அதைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு வலிப்பு நோய் இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். இப்ப கொஞ்ச காலமா வரல. ஆனா இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லல. இதத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணணும்."

மச்சான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். பிறகு ஜுனைத், "இத நீங்க சொல்லப் போறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"நான் இப்ப சொல்லப் போறதும் எங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. முஸ்தகீம். காலேஜ் படிக்கிறப்ப மனநோய் வந்துச்சு. வீட்டுல வச்சுப் பாத்தோம், முடியல. இப்ப ஒரு காப்பகத்துல இருக்காரு. அவரு ரூம மட்டும் அம்மா யாருக்கும் திறந்து காட்ட மாட்டாங்க. வியாழக்கிழமை நோன்பு அவரோடதான் திறப்பேன். சின்ன வயசுல எனக்கு நோன்பு வைக்கப் பழக்குனதே அவருதான். இப்ப என் கையால குடுத்தாதான் சாப்பிடுவாரு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான். "ஹவ் ஆன்ட்டி, உங்களையும் பாத்தேன். கேட்டுக்கு எதிர்ல ஆட்டோல ரெண்டு பேர் உக்காந்திருந்தீங்க. கேட் திறக்குற அக்கா, போலீஸா இருக்குமோன்னு பயந்துட்டாங்க."

"போன நிச்சயதார்த்தம் ஏன் நின்னுச்சு?" என்று சுமையா கேட்டாள்.

"அண்ணன மறைச்சோம். அவங்களே கண்டுபிடிச்சாங்க. கோபப்பட்டாங்க, அது நியாயம்தான். இந்தத் தடவ நானே சொல்லிரணும்னு இருந்தேன். உங்க சின்னம்மா வந்த அன்னிக்கே சொல்லிருக்கணும். அம்மா முகத்தப் பாத்தேன், சொல்லல. நீங்க முந்திக்கிட்டீங்க."

"நான் விழுந்தா என்ன செய்வீங்க?"

"தெரியாது. கத்துக்கணும்." அவனும் கேட்டான். "அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தா?"

"பயமா இருக்கும்" என்றாள் சுமையா. "அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

இருவரும் இஸ்திகாரா தொழுது, எது நல்லதோ அதைக் காட்டச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகப் பிரிந்தார்கள். அவன் போகும்போது மச்சானிடம் சலாம் சொன்னான். மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் விடவில்லை.

அக்கா, கல்யாண விஷயத்தில் உள்ளதை மறைப்பதுதான் பாவம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அப்படியிருந்தும் என்னிடமே மறைத்தீர்கள். ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாவிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள். கோபமாக எழுதக் கூடாது என்றிருந்தேன், வந்துவிட்டது.

வஸ்ஸலாம்.
ஹலிமா

கம்பம்
18.11.2024

ஹலிமா,

கடிதம் கிடைத்தது. என் வீட்டு அடுப்பில் நான் மூடி வைத்ததை நீ ஊர் நடுவில் கொண்டுபோய்த் திறந்து வைத்துவிட்டாய். பைத்தியக்காரன் இருக்கிற வீட்டுக்கு என் பெண் போக மாட்டாள். இனி எழுத வேண்டாம்.

மெகர்நிஷா

ராமச்சந்திராபுரம்
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று நாளுக்கு மேல் உறவை முறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கடைக்குப் போன் செய்தால் மச்சான், "அவ கோபம் இன்னும் எறங்கல" என்கிறார்கள். உங்கள் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

தாஹிரா மாமி போன் செய்தார்கள். ஜுனைத் அவர்களிடம் சொல்லிவிட்டான். "வலிப்பு இருக்குற பொண்ணையா என் தலையில கட்டப் பாத்தீங்க? நக்கோ, எங்களுக்கு வேணாம்" என்றார்கள். எனக்கும் வாய் துடித்தது. ஒரே பிள்ளை என்று என்னிடம் சொன்னவர்கள்தானே! ஆனால் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதையும் அவர்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யார் எது சொன்னது என்றே பிரிக்க முடியவில்லை.

ஜுனைத் இவரை வந்து பார்த்தான். அவன் மனம் சுமையா பக்கம்தான் நிற்கிறதாம். அம்மாவை மீறி நிக்காஹ் செய்ய மாட்டானாம். ஆனால் இனி எந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனாலும் முதல் பேச்சு அண்ணனைப் பற்றித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மா பேசாமல் இருக்கிறார்களாம். சுமையா என்ன சொல்கிறாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவள் உங்கள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கேளுங்கள்.

வஸ்ஸலாம்.
ஹலிமா

கம்பம்
27.1.2025

அன்புத் தங்கை ஹலிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் ரோஷம். அதை விடு.

போன சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தாஹிராவும் அந்தப் பையனும். மதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸாம். கால் வீங்கியிருந்தது. நான் சலாமுக்குப் பதில் சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

அந்த அம்மா நின்றபடியே, "எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒண்ணுன்னு பொய் சொல்லிட்டேன்" என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லிச் சொல்லி, மூத்தவன் பெயரை வைத்து துஆ கேட்கக்கூட நாக்கு கூசியதாம்.

அடுக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது ஹலிமா. என் வாயில் வேறொன்று வந்தது. "எம் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு." டாக்டரிடம்கூட 'அந்த மாதிரி' என்றுதான் சொல்வேன். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னேன். சுமையா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திர எந்த நேரத்துக்குக் குடுக்கணும்? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பொறவா?" என்று கேட்டார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சுமையாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்குச் சம்மதம்மா. பயமும் இருக்கு, சம்மதமும் இருக்கு" என்றாள். நோன்புப் பெருநாள் கழிந்து ஷவ்வால் மாதம் நம் பள்ளிவாசலில் எளிமையாக நிக்காஹ், போலாரத்தில் வலீமா விருந்து. நீ ஒரு வாரம் முன்னால் வந்துவிடு. ஜூடித் டீச்சரையும் கூட்டிவா.

இன்னொரு காரியம். பையன் தன் போனில் அண்ணனின் போட்டோவைக் காட்டினான். முகம் சுமையாவின் வயதுப் பிள்ளை போல இருக்கிறது. ஆனால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. சட்டை தோளில் நிற்கவில்லை. இவன் போகிற நாளில் ஊட்டிவிடுகிறான், சரி. மற்ற நாளில்? தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா? சாப்பிடுகிறவரை பக்கத்தில் யாராவது உட்காருகிறார்களா? கேட்டைத் திறக்கிற அந்தப் பெண் ரொம்பச் சிரிக்கிறாள் என்று நீயே எழுதியிருந்தாய். எனக்கு அந்த இடத்தின் மேல் சந்தேகமாக இருக்கிறது. நீ சாப்பாட்டு நேரம் பார்த்து ஒரு நாள் போய் நில். அவன் போகிற நாளில் போகாதே, அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பார்கள். சொல்லாமல் போ. பார்த்துவிட்டு உடனே எழுது.

வஸ்ஸலாம்.
உன் அக்கா மெகர்நிஷா